புதுக் கதவும் பழைய சுவரும்: வீடு திருத்துவோருக்குச் சில சுகாதாரக் குறிப்புகள்



சுகாதாரப் பக்கத்தில் கதவு, சுவர், பசை என்று எழுத வந்திருக்கிறோமே, வைத்தியர் தச்சு வேலைக்குப் போய்விட்டாரா என்று நீங்கள் சிரிக்கலாம். பள்ளி விடுமுறை தொடங்கியதும் எமது ஆட்களில் பலர் வீடு திருத்தத் தொடங்கிவிடுவார்கள். ஊரிலிருந்து அம்மா வருகிறா, மகளுக்குச் சாமத்தியச் சடங்கு வருகிறது, அடுத்த குழந்தை பிறக்கப் போகிறது என்று ஏதாவதொரு காரணம் இருக்கும். பழைய கதவைக் கழற்றிப் புதுக் கதவு போடுவது, அதைச் சுற்றிப் புதிய ஓரப்பலகை அடிப்பது, நீக்கலைப் பசையால் அடைத்து வெள்ளைப் பெயின்ட் அடிப்பது எல்லாம் இப்போது வீட்டுக்காரரே செய்யும் வேலைகள். இரண்டு வாரம் கழித்து அவர்களிற் சிலர் எமது மருத்துவ நிலையத்துக்கு வருகிறார்கள். சிலருக்கு இருமல், சிலருக்குக் கண் எரிவு, சிலருக்குக் கையில் வெட்டு. ஒரு முறை வந்தது ஒரு சின்னக் குழந்தை. அந்தக் குழந்தைக்காகவே இந்தக் கட்டுரை.

நாம் கேட்க மறந்த கேள்வி

அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியே இதைச் சொல்கிறோம். 1930களில் கட்டப்பட்ட ஒரு வீட்டைப் புதிதாக வாங்கிய இளம் குடும்பம். தகப்பன் இரவு வேலை. தாய் இரண்டாவது பிள்ளைக்கு நான்கு மாதக் கர்ப்பிணி. மூத்தவனுக்கு ஒன்றரை வயது தாண்டியிருந்தது. பிள்ளை சோர்ந்து போயிருக்கிறான், சாப்பிடுகிறான் இல்லை, மலச்சிக்கல் என்று தாய் கொண்டுவந்தார். பிள்ளை வெளிறிப் போயிருந்தான். பால் மட்டும் நிறையக் குடிக்கும் பிள்ளை. இரத்தத்தைச் சோதித்தோம், இரும்புச்சத்துக் குறைவு என்று வந்தது. இரும்பு மருந்து எழுதிக் கொடுத்து, சாப்பாட்டு முறையையும் சொல்லி அனுப்பினோம். எமது சமூகத்தில் அடிக்கடி காண்கிற விடயம்தானே என்று நினைத்தோம்.

ஒரு மாதம் கழித்து மீண்டும் வந்தபோது பெரிய மாற்றம் இல்லை. எழுந்து போகும் நேரத்தில் தாய் ஒரு வார்த்தை சொன்னார்:

"டொக்டர், எவ்வளவு கூட்டினாலும் வீட்டில தூசி அடங்குதில்லை. இவன் கதவடியில இருந்துகொண்டு விரலைச் சூப்பிறான்."

"என்ன தூசி, தங்கச்சி?"

"இவர் கதவுகளை மாத்தினவர். பழைய பெயின்ட் எல்லாத்தையும் மெஷினால உரஞ்சினவர். மூண்டு நாள் வீடெல்லாம் வெள்ளை."

அப்போதுதான் எமக்கு உறைத்தது. ஈய அளவைச் சோதிக்க இரத்தம் அனுப்பினோம். பிரித்தானியாவில் பிள்ளைகளின் இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருந்தால் பொதுச் சுகாதாரத் துறை தலையிட வேண்டும் என்பது 2021 முதல் உள்ள அளவுகோல். அதற்கு முன்னர் அது 10 ஆக இருந்தது. இந்தப் பிள்ளைக்கு 5இன் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. தாய்க்கும் சோதித்தோம். நல்ல காலம், அவரது அளவு தாழ்வாகவே இருந்தது.

பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறைவு இருந்ததும் உண்மைதான். ஆனால் இரும்பு குறைந்த உடல் ஈயத்தை இன்னும் கூடுதலாக உறிஞ்சும். முதல் நாளே "வீட்டில் ஏதாவது வேலை நடக்கிறதா?" என்று நாம் கேட்டிருந்தால், பிள்ளை அந்தத் தூசிக்குள் இன்னொரு மாதம் விளையாடியிருக்க மாட்டான். அது எமது தவறு.

அந்தத் தகப்பனில் பிழை சொல்ல எமக்கு மனம் வரவில்லை. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே வெளிக்கிட்டபோது மருத்துவ மாணவராக நாமும் அந்தச் சனத்தோடு நடந்தோம். அதன் பிறகு பல மாதங்கள், கதவென்று சொல்ல ஒரு சாக்குத் துண்டுதான் இருந்தது. சொந்த வீட்டுக்குச் சொந்தக் கையால் கதவு போடுவதில் உள்ள சந்தோஷம் எமக்கும் தெரியும். ஆகவே வேலையைச் செய்யாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. எப்படிச் செய்தால் நோய் வராது என்றே சொல்ல வருகிறோம்.

நீக்கல் ஏன் வருகிறது, ஏன் அடைக்க வேண்டும்?

கதவு பூட்டியிருக்கும் மரச் சட்டத்தை நிலை என்கிறோம். நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெட்டை மறைக்க அடிக்கும் பலகையே இங்கே ஆர்க்கிட்ரேவ் எனப்படுகிறது. இக்கட்டுரையில் அதை ஓரப்பலகை என்றே சொல்வோம். பலகை நேரானது, பழைய சுவர் நேரானதல்ல. அதனால் சில இடத்தில் ஒட்டியும் சில இடத்தில் விலகியும் நிற்கும். மூலையில் 45 பாகையில் வெட்டிப் பொருத்தும் இடத்திலும் மயிரிழை விலகும். குளிர்காலத்தில் ஹீற்றர் போட்டதும் மரம் காய்ந்து சுருங்க, நீக்கல் இன்னும் விரியும். இதைக் குறைக்க, வாங்கிய பலகையை அடிப்பதற்கு முன் இரண்டு மூன்று நாட்கள் அதே அறையில் வைத்திருங்கள்.

அடைப்பது அழகுக்கு மட்டுமல்ல. அந்த நீக்கலில் தூசி சேரும், பூச்சி குடியேறும், குசினி மணம் அறைக்கு வரும். முக்கியமாகச் சத்தம் வரும். இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் உறங்கும் எத்தனையோ பேர் எமது சமூகத்தில் இருக்கிறார்கள். நித்திரை கெட்டால் இரத்த அழுத்தமும் நீரிழிவும் கட்டுப்பாட்டுக்குள் வருவது கடினம். நீக்கலை ஒழுங்காக அடைத்த அறையில் வெளிச் சத்தம் ஓரளவு குறையும்.

தொடங்கும் முன் வீட்டின் வயதைப் பாருங்கள்

ஈயம் கலந்த பெயின்ட் 1960கள் வரை இந்நாட்டு வீடுகளில், அதுவும் கதவு, நிலை, யன்னல், சுவரடிப் பலகை போன்ற மரப்பகுதிகளில், தாராளமாகப் பூசப்பட்டது. பொதுமக்களுக்கு அதை விற்பது 1992இல்தான் தடை செய்யப்பட்டது. ஆகவே 1970களுக்கு முற்பட்ட வீடு என்றால், மேலே எத்தனை புதிய பூச்சு இருந்தாலும் அடியில் ஈயம் இருக்கிறதென்றே எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டுச் சாமான் கடைகளில் ஈயம் அறியும் சோதனைப் பெட்டி வாங்கலாம்.

பாதிப்பின்றி உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஈய அளவு என்று ஒன்றில்லை. விழுங்கும் ஈயத்தைச் சிறு பிள்ளைகளின் உடல் வளர்ந்தோரைவிட நான்கு ஐந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சுகிறது. மூளை வளர்ச்சி, கற்கும் ஆற்றல், நடத்தை என்பவை பாதிக்கப்படலாம். கர்ப்பிணியின் இரத்தத்திலிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் அது போகும்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. பழைய பெயின்ட் உரியாமல் வெடிக்காமல் நன்றாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். உரஞ்சுவதற்குப் பதில் சுகர் சோப் போட்டுக் கழுவித் துடைத்து, காய்ந்த பின் நன்றாக ஒட்டும் பிரைமர் ஒரு பூச்சு அடித்தாலே பசையும் பெயின்டும் பிடிக்கும்.

2. உரஞ்சியே ஆகவேண்டும் என்றால் தண்ணீரில் நனைத்து உரஞ்சும் சாண்ட்பேப்பரைப் பாவியுங்கள். மெஷினால் உலர்வாக உரஞ்சுவதும், சுடர் கொண்டு பெயின்டை எரித்து உரிப்பதும் கூடவே கூடாது.

3. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்த வேலை முடிந்து துப்புரவாக்கும் வரை வேறிடத்தில் இருக்கட்டும்.

4. தும்புத்தடியால் கூட்டினால் தூசி கிளம்பும். சாதாரண வக்கூம் அதைத் திரும்பக் காற்றில் விடும். ஹெப்பா வடிகட்டி உள்ள வக்கூமால் எடுத்து, பின் ஈரத்துணியால் துடையுங்கள். வேலை உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு தோய்க்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இந்நாட்டில் அஸ்பெஸ்டஸ் முற்றாகத் தடைசெய்யப்பட்டது 1999இல். 2000க்கு முன் கட்டிய வீட்டில் கதவுப் பலகைக்குள், கூரைப் பூச்சில், தரை ஓட்டில் அது இருக்கலாம். சந்தேகமான தட்டைக் கண்டால் உடைக்காமல் நிறுத்தி, தகுதியுள்ளவரைக் கூப்பிடுங்கள்.

எந்த நீக்கலுக்கு எந்தப் பசை?

கடையில் வரிசையாகக் குழாய்கள் அடுக்கியிருக்கும். எல்லாம் ஒன்றல்ல.

*அக்ரிலிக் கோல்க்:* தண்ணீரில் கலந்த பசை. ஓரப்பலகைக்கும் சுவருக்கும் இடையிலான நீக்கலுக்கு இதுவே பொருத்தம். மணம் குறைவு, மேலே பெயின்ட் அடிக்கலாம், காய்ந்தாலும் சற்று இழுபடும். ஆனால் இதைச் சாண்ட்பேப்பரால் உரஞ்ச முடியாது, றப்பர் போல உருண்டு வரும். ஆகவே ஈரமாக இருக்கும்போதே வழித்துவிட வேண்டும்.

*மரப்புட்டி:* வுட் பில்லர் என்று விற்பார்கள். ஆணித் துளைக்கும், மூலை பொருந்தும் இடத்துக்கும் இதுதான். சற்று மேடாக வைத்து, காய்ந்த பின் உரஞ்சி மட்டமாக்க வேண்டும்.

*சிலிக்கன்:* குளியலறைக்கும் தண்ணீர் படும் இடத்துக்கும் உரியது. இதன்மேல் பெயின்ட் பிடிக்காது. சில வகைகளில் வினாகிரி மணம் வரும். அது அசற்றிக் அமிலம், கண்ணையும் மூக்கையும் எரிக்கும்.

*பொங்கும் நுரை:* நிலைக்குப் பின்னுள்ள பெரிய வெட்டை நிரப்பச் சிலர் இதை அடிக்கிறார்கள். இதில்தான் நாம் கூடுதல் கவனம் கேட்கிறோம். இதிலுள்ள ஐசோசயனேட் என்ற இரசாயனம், தொழிலால் வரும் தொய்வு நோய்க்கு முக்கிய காரணங்களில் ஒன்று. ஒரு முறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவுகூட முட்டை வரவழைக்கும். தொய்வு உள்ளவர்கள் இந்த வேலையைத் தாங்கள் செய்யாமல் விடுவதே நல்லது. மற்றவர்கள் யன்னலைத் திறந்து, கையுறையும் கண் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். அளவுக்கு மிஞ்சி அடித்தால் நுரை பொங்கி நிலையையே வளைத்து, கதவு இறுகிவிடும்.

வேலை செய்யும் முறை

யன்னலைத் திறவுங்கள். நீக்கலிலுள்ள தூசியை ஈரத்துணியால் எடுத்துக் காயவிடுங்கள். தூசிமேல் வைத்த பசை ஒரு மாதத்தில் கழன்று வரும். அறை மிகக் குளிராக இருக்கக் கூடாது. பெரும்பாலான பசைகள் 5 பாகை செல்சியஸுக்கு மேல்தான் ஒழுங்காகக் காயும்.

நீக்கலின் அகலத்தைப் பாருங்கள். 10 மில்லிமீற்றருக்கு மேற்பட்டால் கோல்க்கை மட்டும் நம்பாதீர்கள், அது அமிழ்ந்து வெடிக்கும். முதலில் சுவர்ப் பூச்சால் நிரப்பியோ, அதற்கென விற்கும் நுரைக் கயிற்றை உள்ளே செருகியோ நீக்கலைச் சிறிதாக்குங்கள்.

குழாயின் நுனியைச் சாய்வாக, நீக்கலைவிடச் சற்றுச் சிறிய துளை வரும்படி வெட்டுங்கள். கத்தி உங்கள் உடலுக்கு எதிர்ப்புறம் போக வேண்டும். குழாயை மடியில் வைத்து வெட்டித் தொடையில் தையல் போட்டுக்கொண்டவரையும் கண்டிருக்கிறோம். பிறகு சீரான அழுத்தத்தில் கதவின் ஒரு பக்கத்தை மட்டும் முடியுங்கள். உடனே கையுறை போட்ட ஈர விரலாலோ ஈர ஸ்பொஞ்சாலோ வழியுங்கள். வழிப்பதற்கு விரலை நாக்கில் தொட்டு நனைப்பது பலரின் பழக்கம். பசையும் பழைய பெயின்ட் தூசியும் வாய்க்குள் போக அதைவிட நேர்வழி கிடையாது. ஒரு கோப்பையில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் பாருங்கள். ஆழமான இடத்தில் பசை சுருங்கிக் குழி விழுந்திருந்தால் இரண்டாம் முறை மெல்லியதாகப் பூசுங்கள். குழாயில் எழுதியுள்ள நேரம் முடியும் முன் பெயின்ட் அடித்தால் மேற்பூச்சு வெடிக்கும். விருந்தினர் வருகிறார்கள் என்று அவசரப்பட வேண்டாம்.

பலகை எம்.டி.எப் என்றால் வெட்டுவதையும் உரஞ்சுவதையும் இயன்றவரை வெளியே செய்யுங்கள். எம்.டி.எப் தூசியும் மரத் தூசியும் தொய்வைத் தூண்டும். மரத் தூசியை நீண்டகாலம் சுவாசிப்பது மூக்கினுள் புற்றுநோயை உண்டாக்கும் என்பதும் நிறுவப்பட்டது. கொரோனா காலத்தில் மிஞ்சிய நீலநிற மாஸ்க் இதற்குப் போதாது. எப்.எப்.பி 3 என்று எழுதிய மாஸ்க் வாங்குங்கள். தாடி இருந்தால் அது முகத்தோடு ஒட்டாது, தூசி ஓரத்தால் உள்ளே போகும்.

மூடக் கூடாத நீக்கல்கள்

பசைக் குழாய் கையில் இருந்தால் காணும் துளையெல்லாம் அடைக்கத் தோன்றும். இவற்றை விட்டுவிடுங்கள்.

*கதவின் அடி:* கதவுக்கும் தரைக்கும் இடையில் ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். இங்கிலாந்தின் கட்டட விதிகள் புது வீடுகளுக்குச் சொல்லும் அளவு அது. அறைக்கு அறை காற்று நகர்வது அதனால்தான். புதுக் காப்பெற் போட்ட பின் அந்த இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். நாம் குசினியில் கொதிக்க வைக்கும் நீராவியும், அறைக்குள் காயப்போடும் உடுப்பின் ஈரமும் வெளியேறாவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். 2020 டிசம்பரில் றொச்டேல் நகரில் இரண்டு வயது அவாப் இஷாக், பூஞ்சணம் படர்ந்த வீட்டில் வாழ்ந்ததால் மூச்சுத் தொகுதி பாதிக்கப்பட்டு இறந்ததை மரண விசாரணை 2022இல் உறுதி செய்தது. அவன் பெயரிலான சட்டம் இங்கிலாந்தின் சமூக வீடுகளுக்கு 2025 ஒக்ரோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. பூஞ்சணம் பற்றி எழுத்தில் முறையிட்டால், வீட்டு உரிமையாளர் குறித்த காலத்துக்குள் பார்க்க வேண்டும்.

*சுவர்க் காற்றுத் துளைகளும் யன்னல் மேல் துளைகளும்:* குளிர்கிறதென்று இவற்றை அடைக்காதீர்கள். காஸ் அடுப்போ ஹீற்றரோ உள்ள இடத்தில் இது உயிராபத்து. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம் வந்து, வெளியே போனால் சுகமாகிறதென்றால் அது காபன் மொனொக்சைட்டாக இருக்கலாம். காஸை நிறுத்தி, யன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியேறி 0800 111 999 என்ற காஸ் அவசர எண்ணுக்கு அழையுங்கள். உடல்நிலை மோசமென்றால் 999.

*தீக்கதவு:* அடுக்குமாடி வீட்டின் வாசற் கதவு பெரும்பாலும் தீயைத் தடுக்கும் கதவு. அதன் நிலையைச் சுற்றிச் சாதாரண நுரையோ கோல்க்கோ அடைத்தால் தீயும் புகையும் புகுந்துவிடும். அதற்குரிய பொருளும் அதற்குரிய ஆளும் வேண்டும். கட்டட நிர்வாகத்திடம் கேளாமல் தொடாதீர்கள்.

வைத்தியரை எப்போது நாட வேண்டும்?

கண்ணில் பசை தெறித்தால் கசக்காமல் ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடமாவது கழுவுங்கள். எரிவோ மங்கலோ நின்றால் அன்றே காட்டுங்கள்.

கத்தி, ஆணி வெட்டுக்கு ஏற்புவலித் தடுப்பூசி முக்கியம். முழுப் பாதுகாப்புக்கு மொத்தம் 5 ஊசிகள். போர்க்காலத்தில் பிறந்து வளர்ந்த எம்மவர் பலரிடம் ஊசி அட்டையே இல்லை. பதிவு இல்லையென்றால் போடவில்லை என்று கருதி முதலிலிருந்து போடுவதே இங்குள்ள முறை. வெட்டுப்படும் வரை காத்திராமல் தாதியிடம் கேளுங்கள்.

வேலை தொடங்கிய பின் இருமல், நெஞ்சு இறுக்கம், இரவில் முட்டு வந்தால், எந்தப் பசை பாவித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். குழாயைப் படம் எடுத்து வந்தால் இன்னும் நல்லது. மூச்சுவிட முடியாமல் வந்தால் 999ஐ அழையுங்கள்.

பழைய வீட்டில் உரஞ்சல் வேலை நடந்து, அங்கே சிறு பிள்ளையோ கர்ப்பிணியோ இருந்திருந்தால், நோய்க்குறி இல்லாவிட்டாலும் வாருங்கள். ஈயம் நீண்டகாலம் வெளியே காட்டாது. ஒரு இரத்தச் சோதனை போதும்.

அந்தப் பிள்ளையின் கதையை முடிக்கவில்லை. சுகாதார அதிகாரிகள் வீட்டைப் பார்த்தார்கள். குடும்பம் சில வாரம் உறவினர் வீட்டில் இருக்க, வீடு முறைப்படி துப்புரவாக்கப்பட்டது. ஈயத்தை வெளியேற்றும் மருந்து கொடுக்கும் அளவுக்கு நிலைமை போகவில்லை. தூசி நின்றதும், இரும்புச்சத்து ஏறியதும், ஒரு வருடத்தில் ஈய அளவு படிப்படியாக இறங்கியது. அவனது பேச்சையும் வளர்ச்சியையும் இன்னமும் கவனித்து வருகிறோம். தங்கச்சி ஒருத்தி சுகமாகப் பிறந்திருக்கிறாள்.

தகப்பன் மிச்சமிருந்த இரண்டு கதவுகளையும் பிறகு போட்டு முடித்தார். இம்முறை கழுவி, பிரைமர் அடித்து, தூசி கிளப்பாமல்.

இப்போது வெளிறிய முகத்தோடு ஒரு பிள்ளை வந்தால், சாப்பாட்டைக் கேட்கும் முன்னரே வீட்டில் வேலை நடக்கிறதா என்று கேட்கிறோம். வைத்தியர் கேட்க மறந்தால் நீங்களாகவே சொல்லுங்கள். தூசி பற்றிப் பேசுவது வைத்தியரின் நேரத்தை வீணாக்குவதல்ல.

வருமுன் காப்போம்.

(இக்கட்டுரை பொதுவான அறிவுறுத்தலுக்கானது. உங்கள் உடல்நிலை பற்றிய முடிவுகளை உங்கள் குடும்ப வைத்தியருடன் கலந்து எடுங்கள். அவசரமில்லாத ஆலோசனைக்கு என்.எச்.எஸ் 111ஐ அழைக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேட்கலாம்.)